கிரிப் முனையில் எடை போட்டால் கால்ஃப் டிரைவர் லேசாகிவிடுமா?

பங்கர்பாண்டி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அண்மையில் ஒரு பழைய டிரைவர் (தொலைவுக்கு அடிக்கும் நீளமான கிளப்) கைக்கு வந்தது. நீளம் 45.5 இன்ச், ஷாஃப்ட் (கம்பு) 55 கிராம், கிரிப் (கைப்பிடி உறை) சாதாரண 50 கிராம் வகை, அதுவும் தேய்ந்துபோனது. தலைப்பக்கக் கனத்தைக் காட்டும் ஸ்விங்வெயிட் தராசில் வைத்தால் டி6 காட்டுகிறது (சி-யைவிட டி கனம், எண் கூடக்கூட இன்னும் கனம்). இதுவரை நான் ஆடியது டி2. கிளப்பைத் தூக்கும்போதே தலைப்பக்கம் இழுக்கிறது. பந்து பெரும்பாலும் வலப்பக்கம் ஓடுகிறது.

பயிற்சி ரேஞ்சில் பழக்கமான ஒருவர், "கிரிப் முனைக்குள்ளே 16 கிராம் கவுண்டர்வெயிட்டை (எதிர் எடையை) திருகிவிடுங்கள், டி2-க்கு இறங்கிவிடும்" என்று அடித்துச் சொல்கிறார். போடலாமா? போட்டு ஆடியவர்கள் சொல்லுங்களேன்.

கோவைக்_கிளப்காரர்

அவர் சொன்ன கணக்கு சரிதான். எடை முனையிலேயே உட்கார்ந்தால் ஏறக்குறைய 4 கிராமுக்கு ஒரு புள்ளி (டி6 டி5 ஆவதுபோல) குறையும். 16 கிராம் என்றால் நான்கு புள்ளி. கிரிப்பையே கனமானதாக மாற்றினால் 5 கிராமுக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். கிரிப்பின் எடை முழுதும் முனையில் இல்லை, கீழே வரை பரவிக் கிடக்கிறது, அதனால்தான் அந்த வித்தியாசம்.

ஆனால் காசைக் கொடுப்பதற்கு முன் ஒன்று சொல்லுங்கள் தம்பி. நீங்கள் குறைக்க நினைப்பது தராசு காட்டும் எண்ணையா, கையில் தெரியும் பாரத்தையா? இரண்டும் வேறு வேறு.

ஏழாம்அயர்ன்

ஆரம்பித்துவிட்டார் அண்ணன். தராசில் குறைந்தால் கையிலும் குறையத்தானே வேண்டும்? இல்லையென்றால் அந்தத் தராசு எதற்கு?

சுழல்விதி

தராசு எதை அளக்கிறது என்று பார்த்துவிடலாம், அப்புறம் சண்டை போடலாம்.

ஸ்விங்வெயிட் தராசு கிளப்பின் மொத்த எடையை அளப்பதில்லை. கிரிப் முனையிலிருந்து 14 இன்ச் தள்ளி ஒரு தாங்குபுள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளியில் கிளப்பை வைத்தால் தலைப்பக்கம் எவ்வளவு வலுவாகச் சாயப் பார்க்கிறது என்பதைத்தான் அது எண்ணாக்கிக் காட்டுகிறது. 1920களில் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் கொண்டுவந்த முறை. ஒரு புள்ளி என்பது 1.75 இன்ச்-அவுன்ஸ் திருகு விசை. டி0 என்பது 213.5.

இப்போது கவனியுங்கள். 14 இன்ச் என்றால் உங்கள் கீழ்க்கைக்கும் கீழே, கிரிப் முடிந்து ஷாஃப்ட் தெரியும் இடம். அங்கே யாரும் கிளப்பைப் பிடிப்பதில்லை. கைகளின் நடுப்பகுதி முனையிலிருந்து 4 இன்ச் அளவில்தான் இருக்கும். முனையில் போட்ட எடைக்குத் தராசில் கிடைக்கும் நெம்புகோல் நீளம் 14 இன்ச், கையில் கிடைப்பதோ 4 இன்ச்கூட இல்லை.

எண்ணில் சொல்கிறேன். டிரைவரின் மொத்த எடை 310 கிராம், பேலன்ஸ் பாயிண்ட் (கிளப் சமநிலையில் நிற்கும் இடம்) முனையிலிருந்து 85 செ.மீ. என்று எடுத்துக்கொள்வோம். கையின் நடுவிலிருந்து பார்த்தால் கிளப் கீழ்நோக்கி இழுக்கும் திருகு விசை சுமார் 23,000 கிராம்-செ.மீ. முனையில் 20 கிராம் போட்டால் அது எதிர்த்திசையில் தருவது 180. ஒரு சதவீதம்கூட இல்லை. அதே 20 கிராமுக்குத் தராசு ஐந்து புள்ளிக்கு மேல் இறங்கிக் காட்டும், அதாவது நாலு சதவீதத்துக்கு மேல்.

இது கிளப் சும்மா நிற்கும்போது. சுழற்றும்போது நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே தூரத்தின் வர்க்கம் வருகிறது. 200 கிராம் தலை மணிக்கட்டிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. உங்கள் 20 கிராம் 10 செ.மீ.க்குள் இருக்கிறது. மணிக்கட்டைச் சுற்றிய நிலைமத் திருப்புத்திறனில் (சுழற்ற விடாமல் கிளப் காட்டும் எதிர்ப்பில்) அது சேர்ப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. சுத்தியலின் கைப்பிடி நுனியில் ஒரு நட்டைக் கட்டிவிட்டு, ஆணி இனி லேசாக இறங்கும் என்று சொல்வீர்களா?

ஏழாம்அயர்ன்

சுழல்விதி சார், கணக்கெல்லாம் சரி. ஆனால் ஜாக் நிக்லாஸ் தன் கிளப்களின் கிரிப் முனையில் எடை வைத்து ஆடினார் என்று கால்ஃப் உலகமே சொல்கிறது. மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில் 18 ஜெயித்த மனிதருக்குக் கைவித்தியாசம் தெரியாமலா போயிருக்கும்?

சுழல்விதி

தெரியாது என்று நான் சொல்லவில்லை. தலையின் பாரம் குறையாது என்றுதான் சொன்னேன். மொத்த எடை கூடுகிறது, அது கைக்குத் தெரியும். கைகளின் வேகத்தை அது சிலருக்கு மாற்றலாம். அது நல்லதா கெட்டதா என்பதை என் கணக்குச் சொல்லாது.

கோவைக்_கிளப்காரர்

நிக்லாஸ் பேச்சு வந்தால் அந்தக் காலத்துக் கிளப்பையும் சேர்த்துப் பேச வேண்டும். மரத்தலை, 43 இன்ச் நீளம், 120 கிராமுக்கு மேல் எஃகு ஷாஃப்ட். கிளப்பின் கனத்தில் கணிசமான பங்கு ஷாஃப்டில் இருந்தது. இன்று ஷாஃப்ட் 50, 60 கிராம், நீளம் இரண்டு இன்ச்சுக்கு மேல் கூடிவிட்டது, தலை மட்டும் அதே 200 கிராம். கையில் இருந்த கனத்தை எல்லாம் உருவி எடுத்துவிட்டோம். அதனால்தான் இன்று பலருக்கு டிரைவர் தலைகனமாகத் தெரிகிறது. மொத்த எடை பார்த்தால் பழைய கிளப்பைவிடக் குறைவு!

இந்தத் தராசும் அந்தப் பழைய கிளப்களுக்காகப் பிறந்ததுதான். 1913 யு.எஸ். ஓபனை ஜெயித்த ஃபிரான்சிஸ் வீமெட்டின் கிளப்களை வைத்து ஆடம்ஸ் அந்த 14 இன்ச்சைத் தேர்ந்தெடுத்தார் என்பார்கள். ஹிக்கரி மரக்கம்புக் காலம். ஒரே ஷாஃப்ட், ஒரே கிரிப் போட்ட அயர்ன் (உலோகத் தகடுபோன்ற தலை உள்ள கிளப்) செட்டுக்குள் ஒரு கிளப்பையும் இன்னொன்றையும் ஒத்துப்பார்க்க அது இன்றும் நன்றாகவே உதவுகிறது. நானும் தினம் அதில்தான் வைத்துப் பார்க்கிறேன். வேறு ஷாஃப்ட், வேறு கிரிப், வேறு நீளம் உள்ள இரண்டு டிரைவர்களை அதை வைத்து ஒப்பிடுவதுதான் பொருந்தாது.

பாண்டி, உங்கள் டிரைவர் தலையில் திருகு எடை ஏதாவது இருக்கிறதா? பின்பக்கமோ அடியிலோ பாருங்கள்.

பங்கர்பாண்டி

இருக்கிறது அண்ணே. பின்பக்கம் ஒன்று, அதன்மேல் 14 என்று பொறித்திருக்கிறது.

கோவைக்_கிளப்காரர்

அப்படியானால் பாதி வேலை முடிந்தது. அதைக் கழற்றிவிட்டு 8 கிராம் போடுங்கள். டிரைவர் தலையில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேலே போனால் ஒரு புள்ளி, ஆகவே 6 கிராம் குறைந்தால் நாலு புள்ளி இறங்கும். அதே டி2. ஆனால் இது தராசுக்கு மட்டும் தெரியும் குறைவு இல்லை, தலையே லேசாகிறது, சுழற்றும்போதும் தெரியும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. பின்பக்க எடை குறைந்தால் தலையின் ஈர்ப்பு மையம் கொஞ்சம் முன்னால் வரும். நடுவில் படாத அடிகளுக்குக் கிடைக்கும் மன்னிப்பு சற்றுக் குறையும், பந்து சற்றுத் தாழப் போகும். 6 கிராமுக்குப் பெரிய மாற்றம் இருக்காது.

இன்னொரு வழி நீளத்தைக் குறைப்பது. அரை இன்ச் வெட்டினால் மூன்று புள்ளி. ஆனால் வெட்டியதை ஒட்ட முடியாது. வெட்டுவதற்கு முன் அரை இன்ச் கீழே பிடித்து ஒரு வாரம் ஆடிப் பாருங்கள், இலவசம்தான். அப்படிக் கீழே பிடித்தால் கிரிப்பின் மேல்துண்டு தானாகவே கைக்கு மேலே நின்று கவுண்டர்வெயிட் வேலையும் கொஞ்சம் பார்க்கும்.

சிங்கைச்செல்வன்

நான் எதிர்க்கட்சி. ஜெக்சியோ டிரைவரை ஆடியவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? ஜப்பான்காரர்கள் அதில் 'வெயிட் பிளஸ்' என்று பெயர் வைத்து, கிரிப் முனையிலேயே எடை போட்டுத்தான் விற்கிறார்கள். பின்ஸ்விங் உச்சியில் கைகள் சரியான இடத்துக்குப் போக அது உதவும் என்பது அவர்கள் வாதம். கிளீவ்லண்டும் லாஞ்சர் எக்ஸ்எல் டிரைவரில் முனையில் 8 கிராம் வைத்தது. இவர்களுக்கெல்லாம் கணக்கு தெரியாதா?

என் அனுபவம்: வேகமாகச் சுழற்றாத எனக்கு, முனையில் எடை இருக்கும் கிளப்பை மேலே கொண்டுபோகும்போது அவசரம் குறைகிறது. மேலே ஒரு கணம் நிற்க முடிகிறது. பந்து எத்தனை கஜம் போனது என்று கேட்டால் பெரிய மாற்றம் இல்லை. தலையின் முகப்பில் எங்கே படுகிறது என்பதில் மாற்றம் உண்டு.

சுழல்விதி

ஜெக்சியோவைச் சொன்னது நல்லதாயிற்று. அதில் எடையை மட்டும் போடவில்லை. மிக லேசான ஷாஃப்ட், லேசான கிரிப், நிதானமாக ஆடுபவர்களுக்கு ஏற்ற தலை என்று முழுக் கிளப்பையும் அதற்காகவே திட்டமிட்டிருக்கிறார்கள். கூட்டிக்கழித்து மிச்சப்பட்ட கிராமை முனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கடையில் வாங்கிய 16 கிராமை வேறொரு கிளப்பில் திருகுவதும் அதுவும் ஒன்றா?

முகப்பில் படும் இடம் மாறியது என்கிறீர்கள். எப்படிப் பார்த்தீர்கள்?

சிங்கைச்செல்வன்

பாதத்துக்குப் போடும் பவுடர் ஸ்பிரே. முகப்பில் அடித்தால் பந்து பட்ட தடம் வெள்ளையில் பளிச்சென்று தெரியும். எடை இல்லாதபோது தடங்கள் ஹீல் பக்கம் (ஷாஃப்டை ஒட்டிய ஓரத்தில்) சிதறிக் கிடந்தன, எடை போட்டதும் நடுவுக்குப் பக்கத்தில் கூடின. நண்பர் ஒருவர் கிளப்களை என் கண்ணில் காட்டாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தார். 8 கிராம் இருக்கிறதா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. 30 கிராம் போட்டதும் கையில் எடுத்தவுடனே தெரிந்தது. தடங்கள் கூடியதும் 30 கிராமில்தான்.

ஏழாம்அயர்ன்

அப்படி வாருங்கள்! 8 கிராம் தெரியவில்லை என்று எதிர்க்கட்சியே ஒப்புக்கொள்கிறது.

கேட்க மறந்தேன். ஒவ்வொரு அடியையும் பதிவு செய்ய கிரிப் முனையில் திருகும் ஷாட் சென்சார் எல்லாம் என்ன எடை? அதுவும் கவுண்டர்வெயிட்தானே?

கோவைக்_கிளப்காரர்

ஆமாம், 10 கிராமுக்குப் பக்கத்தில் வரும். பையிலுள்ள எல்லாக் கிளப்பிலும் சென்சார் போட்டவர், எல்லாக் கிளப்பிலும் இரண்டு புள்ளிக்கு மேல் குறைத்தே ஆடுகிறார். அதை யாரும் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை, ஸ்விங் கெட்டுப்போச்சு என்று புலம்புவதும் இல்லை. எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

டொரண்டோத்_தயாளன்

எல்லோரும் டிரைவரிலேயே நிற்கிறீர்கள். கவுண்டர்வெயிட்டின் உண்மையான வீடு பட்டர், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்.

வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். 2011 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் கீகன் பிராட்லி, 2012 யு.எஸ். ஓபனில் வெப் சிம்ப்சன், அதே ஆண்டு பிரிட்டிஷ் ஓபனில் எர்னி எல்ஸ். மூவரும் வயிற்றில் ஊன்றி அடிக்கும் பெல்லி பட்டரில் ஜெயித்தவர்கள். 2013 மாஸ்டர்ஸில் ஆடம் ஸ்காட் நெஞ்சில் ஊன்றும் நீளப் பட்டரில் ஜெயித்தார். அடுத்த மாதமே கால்ஃப் விதிகளை வகுக்கும் யு.எஸ்.ஜி.ஏ.வும் ஆர் அண்ட் ஏவும், உடம்பில் ஊன்றி அடிப்பதை 2016 ஜனவரி 1 முதல் தடை செய்வதாக உறுதி செய்துவிட்டன.

பெல்லி பட்டரில் ஊன்றுபுள்ளி தந்த நிதானத்தை இனி எங்கே தேடுவது? அப்போதுதான் கவுண்டர்பேலன்ஸ் பட்டர்கள் கடைகளில் குவிந்தன. 2013இல் ஒடிஸி டேங்க், அடுத்த ஆண்டு ஸ்காட்டி கேமரன் டூயல் பேலன்ஸ். 38 இன்ச் நீளம் வாங்கி, 35 இன்ச் பட்டர் மாதிரி கீழே பிடிப்பது. மேலே கிரிப் நீட்டிக்கொண்டு நிற்கும். முனையில் எடை.

எடை மட்டும் அல்ல சூட்சுமம். சாதாரணப் பட்டரின் தலை 350 கிராம் என்றால் இவற்றில் 400 வரை போகும். அவ்வளவு கனமான தலையைச் சாதாரணக் கிரிப்பில் போட்டால் சம்மட்டியாகத் தெரியும். மேலேயும் எடை சேர்த்தால் தலையின் கனம் உறுத்தாது, மொத்த கிளப்பும் ஆடாமல் அசையாமல் நகரும். கை நடுங்கும் ஆட்களுக்கு, குறிப்பாக நாலடித் தூரப் பட்டில் (பட்டரால் உருட்டும் அடியில்), அது பெரிய வரம்.

சுழல்விதி

இதில் நானும் தயாளன் பக்கம். பட்டிங்கில் மணிக்கட்டை மடக்குவதில்லை, தோளிலிருந்து மொத்தமும் ஒன்றாக ஆடுகிறது. சுழலும் மையம் தோளருகே போய்விட்டது. அங்கிருந்து பார்த்தால் கிரிப் முனையில் வைத்த 75 கிராம் அரை மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. மொத்த நிலைமத்தில் நாலு சதவீதம் போலச் சேர்க்கும். அதோடு 50 கிராம் தலையும் கூடினால் நிச்சயம் உணர முடியும். டிரைவரில் மணிக்கட்டுதான் கீல், எடை அந்தக் கீலின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது.

ஏழாம்அயர்ன்

கனடாக்காரரே, என் பட்டருக்குத் தலை 345 கிராம். கிரிப்பில் மட்டும் எடை போட்டால் பயன் உண்டா?

டொரண்டோத்_தயாளன்

போடலாம், பாதிப் பலன்தான். பட்டர் கிரிப்களில் முனையிலே எடையைத் திருகும் வகைகள் உண்டு. சூப்பர்ஸ்ட்ரோக் கவுண்டர்கோர் கிரிப்களுக்கு 25, 50, 75 கிராம் என்று தனித்தனியாகவே கிடைக்கும். 50-இல் தொடங்குங்கள். தூரக் கட்டுப்பாடு முதலில் குழம்பும், 30 அடிப் பட்டுகள் எல்லாம் குட்டையாக நிற்கும். அதற்காக உடனே கழற்றிவிடாதீர்கள். கிரீன் (குழியைச் சுற்றிய புல்தரை) மெதுவாக இருக்கும் மைதானத்தில் தலை எடை கூட்டுவதுதான் நல்லது, கிரிப் எடை அங்கே அவ்வளவாக உதவாது.

பங்கர்பாண்டி

நான் கேட்ட கேள்வி எங்கேயோ போய்விட்டது, ஆனால் படிக்க நன்றாக இருக்கிறது. :)

போட்டியில் இதெல்லாம் செல்லுமா? எங்கள் கிளப்பின் மாதப் போட்டியில் ஒருவர், "உள்ளே எடை போட்ட கிளப் சட்டவிரோதம்" என்றார்.

டொரண்டோத்_தயாளன்

அவரிடம் விதி எண் கேளுங்கள். ஷாஃப்டுக்குள் எடை இருக்கலாம். கழன்று ஆடாமல் உறுதியாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது விதி 4.1a(3). சுற்று தொடங்கிய பிறகு கிளப்பின் தன்மையை மாற்றக் கூடாது. முதல் டீயில் (ஒரு குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடத்தில்) 8 கிராம், பத்தாவதில் 16 என்று மாற்றி அந்தக் கிளப்பால் ஒரு அடி அடித்தாலும் போட்டியிலிருந்தே நீக்கம். பையில் சும்மா வைத்திருந்தால் தண்டனை இல்லை. எடை மாற்றும் திருகுச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், சபலமே வராது.

நெறியாளர்

விலை விசாரணையும் விற்பனையும் சந்தைப் பகுதியில் மட்டும். இரண்டு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

சிங்கைச்செல்வன்

போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முனைக்குள் திருகும் வகையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். திருகைச் சுற்றச் சுற்ற ரப்பர் நசுங்கி விரிந்து, ஷாஃப்டின் உட்சுவரைக் கவ்விப் பிடிக்கும். எஃகு ஷாஃப்டில் கவலை இல்லை. கிராஃபைட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் சுவர் கீறிவிடும். என் நண்பரின் ஷாஃப்டை ஒரு கடையில் அப்படித்தான் பிளந்து கொடுத்தார்கள், கேட்டால் ஷாஃப்ட் பழசு என்றார்கள். தளர்வாக விட்டாலோ ஒவ்வொரு ஸ்விங்குக்கும் உள்ளே கலகலவென்று சத்தம்.

கோவைக்_கிளப்காரர்

உண்மை. கையால் இறுகும்வரை சுற்றி, அதற்குமேல் கால் சுற்று போதும். கிராஃபைட்டில் நான் அதைவிட லெட் டேப்பைத்தான் (ஈய ஒட்டுப்பட்டையை) விரும்புவேன். கிரிப் மாற்றும்போது ஷாஃப்டின் மேல்முனையில் நாலு இன்ச்சுக்குள் சீராகச் சுற்றி, அதன்மேல் இரட்டைப் பக்க டேப், அதன்மேல் கிரிப். எங்கேயும் புடைக்கக் கூடாது. ஈயம் என்பதால் வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

ஏழாம்அயர்ன்

பெரிய கிரிப்பே போட்டால் என்ன? கால்ஃப் வீரர் பிரைசன் டிஷாம்போ போடுகிறாரே ஜம்போ மேக்ஸ் கிரிப், அது 100 கிராமுக்கு மேலாமே. சாதாரணக் கிரிப்பைப் போல இரண்டு மடங்கு. அவருக்கும் அது கவுண்டர்வெயிட்தானே?

கோவைக்_கிளப்காரர்

எடையளவில் ஆமாம். ஆனால் கிரிப் தடித்தால் விரல்கள் பிடிக்கும் முறையே மாறும். பந்து நேராகப் போனாலும் எடையாலா, தடிப்பாலா என்று உங்களால் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள் என்றுதான் கடைக்கு வரும் எல்லோரிடமும் சொல்கிறேன். ஒருவரும் கேட்பதில்லை.

பாண்டி, உங்களுக்கு என் வரிசை: முதலில் தலைத் திருகை 8 கிராமாக்குங்கள். பவுடர் அடித்துத் தடம் பாருங்கள். கிரிப் எப்படியும் மாற்ற வேண்டியிருக்கிறது, அதைக் கொஞ்சம் பொறுங்கள். தடம் சரியாகி, ஆனால் கிளப் இப்போது கையில் பஞ்சு மாதிரி இருக்கிறது, மேலே போகும்போது கை பறக்கிறது என்றால், அப்போது கிரிப்புக்கு அடியில் டேப் சுற்றி 15, 20 கிராம் சேர்க்கலாம். தராசு சி எழுத்துக்கு இறங்கும், பயப்படாதீர்கள்.

வலப்பக்கம் ஓடுவதற்கு எடைதான் காரணம் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். 55 கிராம் ஷாஃப்டின் ஃபிளெக்ஸ் (வளையும் தன்மை) என்ன?

பங்கர்பாண்டி

ஸ்டிஃப் (விறைப்பானது) என்று எழுதியிருக்கிறது. என் பழையது ரெகுலர், அதைவிட வளையும்.

ஏழாம்அயர்ன்

அட! அதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே!

கோவைக்_கிளப்காரர்

அப்படியானால் சந்தேகத்தில் பாதியை ஷாஃப்ட் பக்கம் தள்ளுங்கள். தலை கழற்றி மாட்டும் வகைதானே? அதே கம்பெனி அடாப்டர் பொருத்திய ரெகுலர் ஷாஃப்ட் யாரிடமாவது இரவல் வாங்கி, திருகை மாற்றாமல் ஒரு கூடைப் பந்து அடியுங்கள். கவுண்டர்வெயிட் கடையிலேயே இருக்கட்டும்.

பங்கர்பாண்டி

நாளைக்கு ரேஞ்சில் அந்த 16 கிராம்காரரிடமே கேட்கிறேன், அவர் பையில் ரெகுலர் ஒன்று பார்த்த ஞாபகம்.